ஒலிபெருக்கி தெரிதல்

(பழைய மாணவரான தமிழாசிரியர் ஒருவர், டிக்கோயா)

ஜூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று விடுக்குமாறு மலர்க்குழுவினர் எழுதிய மடல் கிடைத்தபொழுது, தமிழாசிரியன் என்ற முறையிலே சிலம்பின் அரங்கேற்று காதையைப்பற்றியோ அன்றேல் நன்னூற் சூத்திரம் ஒன்றைப்பற்றியோ யாம் எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வீட்டு இசைக் கருவிக்கு ஏற்ற ஒலிபெருக்கியைத் தெரிந்தெடுத்தல். தமிழாசிரியனுக்கும் மின்கம்பிக்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். யாழ்நூலை 1947 இலே உலகுக்கு அளித்த விபுலாநந்த அடிகளார் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டமும் பெற்றவர். நரம்பின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டுப் பழந்தமிழ்ப் பண்ணை ஆராய்ந்தவர் அவர். அப்பெருந்தகை நடந்த வழியின் ஓரத்திலே நின்று எட்டிப் பார்க்கும் உரிமையேனும் எமக்கு உண்டன்றோ?

இனி, இப்பொருளிலே யாம் புகுந்த காரணத்தைச் சொல்வோம். எம் தந்தையார் தோட்டத் தொழிலாளி. அதனோடு காமன்கூத்து வாத்தியாருமாவார். மலையகத்திலே காமன்கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் மூன்றும் லயத்து மக்களின் கலைச்செல்வமாம். மாசி மாதத்திலே கம்பம் ஊன்றிவிட்டாற் பின்னர் தந்தையாரை வீட்டிற் காண்டல் அரிது. 1982 ஆம் ஆண்டுக் கூத்தின்போது கிளாக்கர் ஐயா ஒருவர் தம் றேடியோ கசெற்றைக் கொணர்ந்து, அவர் பாடியதை ஒருமணிநேரம் பதிவுசெய்து கொடுத்தார். தந்தையார் 1999 இலே காலமானார். எஞ்சியது அந்த நாடா ஒன்றே. நாலாயிரம் அடி உயரத்து ஈரக்காற்றிலே நாடாவிற் பூஞ்சணம் பூத்தல் எளிது. ஆதலின் அறிவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அதனைத் துடைத்து, ஒரேயொருமுறை ஓடவிட்டு, கணினியிலே படியெடுத்துத் தந்தார். அதனைக் கைப்பேசியிலே தாயாருக்குப் போட்டுக் காட்டினோம். எழுபதைக் கடந்த அவர் சற்றே செவிகொடுத்துவிட்டு, "தம்பி, இது ஒங்க அப்பா கொரல் இல்ல. வேற யாரோ" என்றார்.

அவ்வாறு அவர் கூறியதில் வியப்பில்லை. கைப்பேசியின் ஒலிபெருக்கி கட்டைவிரல் நகத்தளவினது. ஆண்மகன் குரலின் அடித்தளம் நொடிக்கு நூறு, நூற்றைம்பது அதிர்வுகளில் நிற்பது; அத்தளத்தை அச்சிறு தகடு எழுப்பமாட்டாது.  மேற்பகுதி மட்டும் கீச்சென்று வரும். முதுமையிலே செவி முதலில் இழப்பதும் அவ்வுயர்ந்த பகுதியையே. ஆகவே கைப்பேசி கொடுத்ததைத் தாயார் செவி பெறவில்லை. அவர் செவி பெறக்கூடியதைக் கைப்பேசி கொடுக்கவில்லை.

பழைய அம்ப்ளிஃபயர் ஒன்று எம்மிடம் இருந்தது. பாடநூல் அதனை விரியலாக்கி என்னும். கடைக்காரர் 'அம்ப்' என்பர். பக்கத்துக்கு 30 உவாற்று வலு உடையது. அதன் பின்புறத்திலே '8 ஓம் முதல் 16 ஓம் வரை' எனப் பொறித்திருந்தது. இதற்கு இயைந்த ஒலிபெருக்கி இணை ஒன்றைத் தேடிக் கொழும்புக்குச் சென்றோம். ஒரு கடையிலே எம் தோளளவு உயர்ந்த பெட்டி இரண்டைக் காட்டி, "மாஸ்டர், அஞ்சாயிரம் வாட்ஸ், வீடே அதிரும்" என்றார் விற்பனையாளர். பெட்டியின் பின்னே பார்த்தோம். 4 ஓம் என்றிருந்தது. ஐயாயிரம் என்பது பீஎம்பீஓ என்னும் கணக்கு. கண்ணிமைக்கும் பொழுதிலே கருவி தாங்கக்கூடியதாகக் கற்பித்துக்கொள்ளும் உச்சத்தையெல்லாம் கூட்டி எழுதும் எண் அது. அதற்கு எந்த அளவுகோலும் இல்லை. ஆர்மர் வீதியிலிருந்து அட்டன்வரை அவ்வெண்ணைக் கண்டு மயங்குவார் பலர்.

ஓம் என்பதை ஒதுக்கிவிடுதல் ஆகாது. 30 உவாற்றை 8 ஓமுக்குக் கொடுக்கும் கருவி 15 உவோற்றுக்குச் சற்று மேலான அழுத்தத்தில் ஏறத்தாழ 2 அம்பியர் மின்னோட்டத்தை அனுப்பும். அதே அழுத்தத்திலே 4 ஓமைக் கட்டினால் ஓட்டம் 4 அம்பியராகும். அத்துணை ஓட்டத்தைத் தாங்க அமைக்கப்படாத கருவி கொதிக்கும், இறுதியில் எரியும். திருவிழாக்களிலே நாலு பெட்டியை ஒரே கம்பியில் இணைத்துவிட்டு, "அம்ப் சரியில்லை" என்று கருவியைப் பழிப்பாரை யாம் கண்டதுண்டு. 8 ஓம் இரண்டைச் சமாந்தரமாக இணைப்பின் 4 ஓம். தொடராக இணைப்பின் 16 ஓம். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். இன்னொன்று: பெட்டியிற் பொறித்த 8 என்பது பெயரளவே. சுரத்துக்குச் சுரம் தடங்கல் மாறும். ஓரிடத்தில் 6 ஆக இறங்கும், பிறிதோரிடத்தில் 20 ஐயும் கடந்து ஏறும். கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

உவாற்றினும் முதன்மையானது உணர்திறன் என்க. ஓர் உவாற்றைக் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்திலே நின்று அளந்தால் எத்தனை தெசிபெல் என்பதே அது. 85 தெசிபெல் பெட்டியும் 88 தெசிபெல் பெட்டியும் மூன்றாலேயே வேறுபடுவன. ஆயினும் முன்னது பின்னதன் ஒலியைத் தருவதற்கு இருமடங்கு வலு வேண்டும். செவிக்கு இருமடங்கு உரத்துத் தோன்றவேண்டுமாயின் பத்துமடங்கு வலு வேண்டும். எனவே 30 உவாற்றை 60 ஆக்கப் பணத்தைக் கொட்டுபவர் பெறுவது மூன்றே தெசிபெல். இதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு: சிலர் உவாற்றை விட்டு 2.83 உவோற்றிலே அளந்து எழுதுவர். 8 ஓமுக்கு அஃது ஓர் உவாற்று. 4 ஓமுக்கோ இரண்டு உவாற்று. எண் பெருத்துத் தோன்றும்; பொருள் ஒன்றே.

இன்று நாம் காணும் காகிதக் கூம்பும் சுருளும் காந்தமும் கூடிய ஒலிபெருக்கியை அமெரிக்க நாட்டு ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925 இலே வகுத்து வெளியிட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 16 இலே கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளிலே அவ்வொலிபரப்பைத் தமிழகமே செவிமடுத்தது. ஒலிபெருக்கியும் இலங்கை வானொலியும் ஓராண்டுப் பிள்ளைகள் என எம் மாணாக்கருக்குச் சொல்வது எமக்கு ஓர் இன்பம்.

அடுத்தது அறை. எம் முன்னறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது, கூரை தகரம். இத்தகைய அறையிலே நீளத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 47 அதிர்வெண்ணிலும் அகலத்துக்கு ஏற்ப 56 இலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கிப் பெருகும். பெரிய பெட்டியை இங்கே வைத்தல் கிணற்றுக்குள் முரசறைதலை ஒக்கும். பெட்டியைச் சுவரோடு சேர்த்தால் அடித்தொனி மேலும் தடிக்கும். பின்புறத்திலே துளையுள்ள பெட்டியாயின் சொல்லவேண்டியதில்லை. சிறிய அறைக்கு மூடிய பெட்டியே தகும் என முடிவுசெய்தோம். அவ்வகையைச் செம்மைப்படுத்தியவர் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர். 1954 இலே தம் மாணவராகிய ஹென்றி குளொஸ் என்பாருடன் சேர்ந்து அதனை ஆக்கத் தொடங்கினார். பெட்டியுள் அடைபட்ட காற்றே வில்லாக நின்று கூம்பைத் தாங்குமாறு அமைத்து, சிறு பெட்டியிலே ஆழ்ந்த ஒலியைப் பிறப்பித்தார். ஆசிரியரும் மாணாக்கரும் கூடித் தொழில் தொடங்கிய இச்செய்தி எமக்கு மிக உவப்பானது. இங்கிலாந்தின் பிபிசி நிறுவனமும் தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கத்துக்கென 1970களிலே மூடிய சிறுபெட்டி ஒன்றை வகுத்தது. வண்டியின் உள்ளிடமும் லயக் காம்பிராவும் ஒலிக்கு ஏறத்தாழ ஒன்றே.

டிக்கோயாவுக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. கூம்பின் விளிம்பிலே மென்பஞ்சு வளையம் உடைய பழைய பெட்டிகள் எம் ஊர் ஈரத்திலே சில ஆண்டுகளில் உளுத்து உதிரும். விரலால் தொட்டாற் பொடியாகும். இறப்பர் வளையமே இங்கே நிற்கும். இதனை எந்த விலைப்பட்டியலும் கூறாது. தென்மேல் பருவத்திலே தகரத்தின்மேல் மழை கொட்டும் வேளையில் எந்தப் பெட்டியும் வெல்லாது என்பதையும் சொல்லிவிடுவோம். அப்பொழுது தேநீர் அருந்துதலே தக்கது.

நோர்வூட்டிலே, ஓய்வுபெற்றுச் செல்லும் தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் ஆங்கிலப் பெட்டி இணை ஒன்றை விற்கிறார் எனக் கேள்வியுற்றோம். 8 ஓம், 86 தெசிபெல், மூடிய பெட்டி, எட்டங்குலக் கூம்பு, இறப்பர் விளிம்பு. விலை எம் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலே பயின்று பெற்ற தராதரப் பத்திரம் தரும் சம்பளத்திலே அஃது எளிய தொகையன்று. ஆகவே வாங்குமுன் ஒரு நிபந்தனை விதித்தோம்: எம் அம்ப்பையும் தாயாரையும் அழைத்துவந்து, எம் நாடாவின் படியைப் போட்டுக் கேட்டபின்னரே பணம். பிறர் பாட்டிலே இனிமையாக ஒலிப்பது எமக்கு வேண்டியதன்று. கடைகளிலே பளிச்சென்று ஒலிக்கும் பெட்டிகள் பழைய நாடாவின் இரைச்சலையே முன்னே தள்ளுவன. நடுப்பகுதி தெளிவாக உள்ள பெட்டியிலேதான் மனிதக் குரல் நிற்கும்.

பெட்டிகளைச் சுவரினின்று இரண்டு அடி தள்ளி, அமர்ந்திருப்பார் செவியின் மட்டத்துக்கு உயர்த்தி வைத்தோம். தப்பு முதலில் வந்தது. பின்பு குரல். தாயார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை விரலிற் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் பாட்டு நடக்கையிலே கையை உயர்த்தி, "நிப்பாட்டுங்க, பின்னால போங்க" என்றார். மீண்டும் போட்டோம். "பின்பாட்டு யாரு தெரியுதா? என் தம்பி. ஒங்க மாமா."

அந்த நாடாவை எத்தனையோமுறை கைப்பேசியிற் கேட்ட எமக்கு அங்கே பின்பாட்டு ஒன்று உண்டென்பதே தெரியாது. தந்தையாரின் குரலுக்குக் கீழே, தப்பின் ஒலியோடு ஒட்டி, மெலிந்த இரண்டாங்குரல் ஒன்று வந்துகொண்டிருந்தது. 1964 அக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு ஏற்கப்பட்டவர்களுள் ஒருவராய் எம் மாமா 1983 இலே குடும்பத்துடன் புறப்பட்டார். அட்டன் நிலையத்திலே அழுகையொலியோடு புறப்பட்ட அவ்வண்டிகளை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். தலைமன்னாரிலே கப்பலேறி நீலகிரிப் பக்கம் குடியமர்ந்த மாமா அங்கேயே இறந்தார். போன பின்னர் அவர் குரலைத் தாயார் கேட்டதில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்துப் பெட்டிகளை அன்றே வான் ஒன்றிலே ஏற்றிக்கொண்டு வந்தோம். இப்பொழுது அவை எம் முன்னறையிலே நிற்கின்றன. மாலையிலே மாணாக்கர் சிலர் வந்து கூத்துப்பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்கின்றனர். தந்தையார் விழுங்கிப் பாடிய சொற்கள் சிலவற்றைத் தாயார் பிரித்துக் கூறுகிறார்.

"அவன் பிள்ளைகளுக்கும் இத அனுப்ப முடியுமா?" என அவர் கேட்டார். மாமாவின் மூத்த மகன் கூடலூர்ப் பக்கத்திலே தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். அவருக்குக் கைப்பேசி வழியாகப் பதிவை அனுப்பினோம். மறுநாள் மறுமொழி வந்தது: "அத்தான், மாமா குரல் கேட்குது. அப்பா எங்க பாடுறாருன்னே தெரியல. எங்க வீட்லயும் சின்ன ரூம்தான். என்ன பெட்டி வாங்கணும், எத்தன ஓம்னு எழுதுங்க." அவரிடம் உள்ள அம்ப்பின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்புமாறு எழுதியிருக்கிறோம்.