பெரியம்மாவின் நெஞ்சுத் தடிப்பு

சந்தனக்கட்டை உரசும் சத்தம் கேட்டால் பெரியம்மாவுக்கு நெஞ்சில் தடிப்பு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். கழுத்துக் குழிக்குக் கீழே திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருக்கும். முந்தானையை இழுத்து மூடி, அதற்குள்ளேயே சொறிந்துகொள்வார். கேட்டால், “சூட்டு உடம்புடி” என்பார்.

சூடென்றால் எங்களுக்கும்தான். சித்திரை பிறந்தால் பிள்ளைகள் எல்லோருக்கும் வேர்க்குரு. நுங்குத் தண்ணீரைப் பூசினால் அடங்கிவிடும். பெரியம்மாவுக்கோ மார்கழிக் குளிரிலும் வந்தது. வீட்டுவிலக்காகி இரண்டு மூன்று நாளில் தானாக வடிந்தது. அந்தக் கணக்கை யாரும் யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு வந்தது வேறு மாதிரி. ஐம்பதை நெருங்கிய வயதில் கழுத்தும் நெஞ்சும் குப்பென்று சிவக்கும், வேர்த்துக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் சிவப்பு அது. அத்தை மகளுக்குக் கல்லூரி நாட்களில் நெஞ்சிலும் முதுகிலும் பருக்கள். மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனது. சினைப்பையில் நீர்க்கட்டி என்றார் மருத்துவர். அதோடு ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடினால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரந்து பரு கிளம்பும்.

பெரியம்மாவின் கணக்குக்குப் பொருந்துகிற ஒன்றைப் பிற்பாடுதான் படித்தேன். கருமுட்டை வெளியானபின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஏறும். அபூர்வமாகச் சிலருக்கு அந்தச் சுரப்பே ஒவ்வாமல் போகிறது. மாதவிடாய்க்கு 3 முதல் 10 நாள் முன்பு தடிப்பு கிளம்பி, உதிரப்போக்கு தொடங்கிய சில நாளில் மறைகிறது. 1964இல் ஷெல்லி என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தார். பெரியம்மா சந்தனம் அரைத்த காலத்திலேயே மருத்துவத்தில் இதற்குப் பெயர் இருந்தது. அவரை மருத்துவரிடம் அழைத்துப்போக ஆளில்லை; நெஞ்சைத் திறந்து காட்ட அவருக்கும் மனமில்லை.

எல்லாத் தடிப்பும் ஹார்மோனால் வருவதல்ல. கவரிங் சங்கிலியின் நிக்கல் ஒவ்வாவிட்டால் சங்கிலி படுகிற இடத்திலேயே அரிக்கும். மார்புக்கு அடியில் வேர்வை தங்கினால் பூஞ்சை பிடிக்கும். சர்க்கரை இருந்தால் இன்னும் எளிதாகப் பிடிக்கும். அதன்மேல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும், உள்ளே பூஞ்சை பரவும். முலைக்காம்பில் ஆறாத சொறி இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பெரியம்மா வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு இருந்தது, சீட்டுப் பணம் கட்டும் தேதி இருந்தது, சிலிண்டர் மாற்றிய நாள்கூட இருந்தது. அவர் உடம்புக்கு மட்டும் அதில் ஒரு கோடு இல்லை. இன்று என் மகளிடமும் அவள் தோழிகளிடமும் நான் சொல்வது இதைத்தான்: தடிப்பு வந்த நாளையும் போன நாளையும் மாதவிடாய்த் தேதிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதக் குறிப்போடு தோல் மருத்துவரைப் பாருங்கள். அங்கே வெட்கப்பட எதுவுமில்லை.