நோ இல்லாத கால்

நீரிழிவு வந்து பத்து வருடங்களில் என் பாதங்களில் உணர்வு குறைந்துவிட்டது. பிஸ்கட்டவேயின் குளிரில் நடக்கையில் சப்பாத்துக்குள் சிறு கல் கிடந்தாலும் தெரிவதில்லை. "நோகேல்லைத்தானே, பிறகென்ன அண்ணை?" என்கிறார் ஒரு நண்பர்.

எனக்கு டொக்டர் போல் பிராண்டின் நினைவு வருகிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தினார். அத்தோடு நிற்கவில்லை. விரல்கள் ஏன் தேய்கின்றன என்று தேடினார். நோய் நேரே தசையைத் தின்னவில்லை. நரம்பு செத்ததால் சுட்டதும் வெட்டியதும் அவர்களுக்குத் தெரியவில்லை. கையை அழித்தது பெரும்பாலும் நோவின்மையே.

1966இல் அமெரிக்கா வந்தவர், லூசியானாவின் கார்வில் மருத்துவமனையில் செயற்கை நோவை உண்டாக்க முயன்றார். அழுத்தம் கூடினால் ஒலியும் மின்னதிர்ச்சியும் தரும் கருவி அது. இடைஞ்சலானபோது நோயாளர் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். முயற்சி கைவிடப்பட்டது. அணைக்க முடியாதது என்பதால்தான் நோ காவலாகிறது. எனக்கு அந்தக் காவல் போய்விட்டது; இரவில் கண்ணாடி பிடித்துப் பாதங்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஊரைவிட்டு வந்த நாங்கள் மனம் மரத்துப்போவதை ஆறுதல் என்று எண்ணுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊர்ச் செய்தி கேட்டால் இன்னும் நெஞ்சு நோகிறது. அந்த நோ இருக்கட்டும்.