மீட்டரில் மின்னிய சிறு விளக்கு

நுழையுமுன்

வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களுக்கு மாதந்தோறும் வரும் மின் கட்டணச் சீட்டு பழகிய விருந்தாளி போன்றது. அது ஒரு நாள் எதிர்பாராத தொகையுடன் வந்து நின்றால் என்ன செய்வது? யாரைக் குறை கூறுவது? தில்லியில் வாழும் தந்தை ஒருவர் தம் வீட்டில் நிகழ்ந்ததை இங்கே கூறுகிறார். படித்து அறிவோமா?

பாடம்

தில்லியின் முனிர்க்காப் பகுதியில் நான்கு தளங்கள் கொண்ட ஒரு கட்டடத்தின் முதல் தளத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். தளத்திற்கு ஒரு குடும்பம். குடும்பத்திற்கு ஒரு மின் மீட்டர். நான்கு மீட்டர்களும் கீழே படிக்கட்டின் அருகில் ஒரே பலகையில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். கட்டணச் சீட்டு வீட்டு உரிமையாளரின் பெயரில் வரும். பணம் செலுத்துவது நாங்கள்.

தில்லியில் மாதத்திற்கு 200 யூனிட் வரை மின்சாரம் பயன்படுத்தும் வீடுகள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்னும் சலுகை 2019ஆம் ஆண்டில் வந்தது. குளிர்காலத்திலும் பங்குனியிலும் எங்கள் வீட்டுச் சீட்டில் பூஜ்யமே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கயல், தான் நூற்றுக்கு நூறு வாங்கியதுபோல் மகிழ்வாள்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் என் தாயார் திருக்குறள் விரைவு வண்டியில் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு வலக்கண்ணில் புரை. ஊரில் தனியே இருப்பவரை அறுவைக்குப் பின் கவனித்துக்கொள்ள ஆள் இல்லாததால், இங்கேயே சிகிச்சை செய்துகொள்ள அழைத்திருந்தேன். கயலுக்கு ஆச்சி வந்ததே திருவிழா. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது.

அந்த ஆண்டின் கோடையைத் தில்லியில் இருந்தோர் எளிதில் மறக்க மாட்டார்கள். மே மாத இறுதியில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46 டிகிரி செல்சியசைக் கடந்தது. ஜூன் 19ஆம் நாள் தலைநகரின் மின் தேவை 8,656 மெகாவாட் என்னும், அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. தண்ணீருக்கும் தட்டுப்பாடு. அத்தகைய வெயிலில் கண் அறுவை செய்துகொண்ட முதியவரை வெறும் மின்விசிறியின் கீழ்ப் படுக்க வைக்க மனம் வரவில்லை. அவர் வேண்டாம் என்று மறுத்தும், இரவுதோறும் குளிரூட்டியை இயக்கினோம்.

ஜூன் முதல் வாரத்தில் சீட்டு வந்தது. பயன்பாடு 640 யூனிட். தொகை நான்காயிரம் ரூபாய்க்கு மேல்!

நான் சீட்டை மேசையின்மேல் எறிந்தேன். "இந்த மாதம் எப்படிச் சமாளிப்பது? ஒரு குளிரூட்டி இவ்வளவு மின்சாரத்தையா விழுங்கும்?" என்று உரக்கவே சொல்லிவிட்டேன். அடுத்த அறையில் அம்மா இருந்தது அந்நேரத்தில் என் நினைவில் இல்லை.

அன்று நள்ளிரவில் கயல் என்னை எழுப்பினாள். "அப்பா, ஆச்சியைக் காணோம்" என்றாள். பதறி எழுந்தேன். அறையில் குளிரூட்டி அணைக்கப்பட்டிருந்தது. அம்மா பால்கனியின் வெறுந்தரையில் சேலைத் தலைப்பால் விசிறியபடி படுத்திருந்தார். அந்த நேரத்திலும் தரை சுட்டது.

"என்னம்மா இது?" என்றேன்.

"எனக்குக் குளிர்கிறது ஐயா. காற்றாட இருக்கட்டும் என்று இங்கே வந்தேன்" என்றார். அவருடைய நெற்றியெல்லாம் வியர்வை. குளிர்கிறது என்றவரின் நெற்றி ஏன் வியர்த்தது என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை உணவின்போது அம்மா மெல்லப் பேச்சைத் தொடங்கினார். "ஊருக்குச் சீட்டு எடுத்துவிடு ஐயா. நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்க வருவார்கள். முதல் நூறு யூனிட் இலவசம். எனக்கு அதுவே மிஞ்சும். என்னால் உனக்கு எதற்கு வீண் செலவு?"

என் தொண்டை அடைத்தது. அப்போது கயல்தான் குரல் கொடுத்தாள். "ஆச்சி, கணக்குப் பார்க்காமல் ஏன் உங்கள்மேல் பழி போட்டுக்கொள்கிறீர்கள்? முதலில் கணக்குப் பார்ப்போம்."

சீட்டையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு மூவரும் அமர்ந்தோம். ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். எங்கள் குளிரூட்டி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட். அறை குளிர்ந்தபின் அதன் அழுத்தி விட்டுவிட்டே இயங்கும். எனவே இரவு முழுவதும் ஓடினாலும் ஒன்பது யூனிட்டுக்கு மேல் ஆகாது என்று கொண்டோம். முப்பது நாளுக்கு 270. குளிர்பதனப் பெட்டி, விளக்கு, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து எப்போதும் ஆகும் அளவு 190. இரண்டையும் கூட்டினால் 460.

"சீட்டில் இருப்பது 640. மீதி 180 யூனிட் எங்கே போயிற்று?" என்று கயல் கேட்டாள்.

அளவைக் குறித்தவர் பிழையாகக் குறித்திருக்கலாம் என்று ஐயுற்றுக் கீழே சென்று மீட்டரைப் பார்த்தோம். சீட்டில் இருந்த எண்ணும் மீட்டர் காட்டிய எண்ணும் பொருந்தின. பிறகு கயல் தன் பள்ளியில் கேட்ட ஒரு சோதனையைச் சொன்னாள். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு உண்டு. மின்சாரம் செலவாகும்போது அது விட்டுவிட்டு மின்னும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை என்று அச்சிடப்பட்டிருந்தது. வீட்டின் முதன்மை விசையை அணைத்துவிட்டால் அது மின்னக் கூடாது. மின்னினால், நம் மின்சாரம் வேறெங்கோ செல்கிறது என்று பொருள்.

இரவு ஒன்பது மணிக்கு விசையை அணைத்துவிட்டுக் கீழே ஓடினோம். அம்மாவும் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வந்தார். விளக்கு மின்னவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அசைவே இல்லை. கயலின் முகம் வாடியது. நான் ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "இந்தப் பொட்டு விளக்குத்தான் கணக்குப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு அதையே உற்றுப் பார்த்தார்.

அடுத்த நாள் விடியற்காலை, பால் வாங்கக் கீழே சென்ற அம்மா, வாங்காமலே திரும்பி வந்து என்னை எழுப்பினார்.

"ஐயா, கணக்குப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது. கண்ணை மூடாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான்!"

மூவரும் கீழே இறங்கினோம். வீட்டின் முதன்மை விசையை அணைத்துவிட்டே வந்தோம். ஆயினும் விளக்கு படபடவென்று மின்னியது. கயல் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்திற்கு ஏறத்தாழ எண்பது முறை. அந்த நேரத்தில் படிக்கட்டின் அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்! குழாயில் தண்ணீர் வரும் காலையிலும் மாலையிலும் மட்டும் அது ஓடும். நாங்கள் சோதித்த இரவு ஒன்பது மணிக்கு அது ஓய்ந்திருந்தது.

சிறிது நேரத்தில் மோட்டார் நின்றது. அந்த நொடியே விளக்கும் நின்றது.

கயல் அங்கேயே விரலை மடக்கிக் கணக்கிட்டாள். "நிமிடத்திற்கு 80 என்றால் மணிக்கு 4,800. அதை 3,200ஆல் வகுத்தால் ஒன்றரை. மணிக்கு ஒன்றரை யூனிட். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் நாள்தோறும் நான்கு மணி நேரம் ஓடுகிறது. ஆறு யூனிட். முப்பது நாளுக்கு..." அவள் முடிக்கும் முன்னே அம்மா சொன்னார்: "நூற்று எண்பது."

புதிதாய்ப் பார்வை பெற்ற அந்தக் கண் நாங்கள் காணாததைக் கண்டுவிட்டது.

வீட்டு உரிமையாளரிடம் சென்றேன். முதலில் அவர் நம்பவில்லை. "கோடையில் எல்லாருக்கும் கூடத்தான் வரும்" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. "மாலையில் மோட்டாரைப் போடும்போது ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வந்து பார்த்தார். அவர் அழைத்த மின்பணியாளர் கம்பிகளைப் பிரித்துப் பார்த்தபோது உண்மை விளங்கியது. மே மாதத் தொடக்கத்தில் மோட்டாரின் கம்பி கருகியிருக்கிறது. பழுது பார்த்தவர் அவசரத்தில் பொது இணைப்பில் சேர்க்க வேண்டியதை எங்கள் மீட்டரின் இணைப்பில் சேர்த்துவிட்டார். எவரும் திட்டமிட்டுச் செய்த தீங்கு அன்று அது. எவரும் கவனிக்காமல் விட்ட பிழை.

தில்லியில் 400 யூனிட்டுக்கு மேல் 800 யூனிட் வரை, யூனிட்டுக்கு அப்போது 6 ரூபாய் 50 காசு. எனவே 180 யூனிட்டுக்கு 1,170 ரூபாய். அத்தொகையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ள உரிமையாளர் ஒப்புக்கொண்டார். அவர் மறுத்திருந்தாலும் வழி இல்லாமற் போயிருக்காது. மின் வழங்கும் நிறுவனத்திடம் முறையிடலாம். அங்கே தீராவிடில் நுகர்வோர் குறைதீர் மன்றத்தை நாடலாம். அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இவ்வழிகளைத் தந்திருக்கிறது. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும், கையில் கணக்கு இருந்தால்தான் வாயில் சொல் நிற்கும்.

கதை இத்துடன் முடியவில்லை. அன்றிரவு கயல் மீண்டும் தாளை விரித்தாள். "அப்பா, மோட்டாரைக் கழித்தாலும் 460 வருகிறது. இது நம் கணக்கு. 201 முதல் 400 வரை பயன்படுத்தினால் அரசு பாதிக் கட்டணத்தை, 800 ரூபாய் வரையில், ஏற்றுக்கொள்கிறது. 400ஐத் தாண்டினால் ஒரு காசும் இல்லை. நாம் அறுபது யூனிட் குறைத்தால் போதுமே!"

பிறர் பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எங்கள் பங்கை நான் மறந்திருந்தேன். குளிரூட்டியை 20இல் வைத்திருந்தது நான்தான். 2020ஆம் ஆண்டு முதல், நட்சத்திரக் குறியிட்ட குளிரூட்டிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்குமாறே செய்யப்பட வேண்டும் என்பது விதி. அதைக் குறைப்பது நம் விரல். அன்று முதல் 26இல் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழல விட்டோம். அதன் காற்றுத் தடுப்பானைக் கழற்றிக் கழுவினோம். ஆளில்லா அறையில் விளக்கு எரிவதைக் கண்டால் கயல் அபராதம் விதித்தாள். அடுத்த சீட்டில் 380 யூனிட்.

அந்தச் சீட்டை நான் முதலில் அம்மாவின் கையில் கொடுத்தேன். "அன்று நான் கத்தியது தவறு அம்மா. கணக்குப் பார்க்கும் முன்பே பேசிவிட்டேன்" என்றேன்.

அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ கத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை ஐயா. வாடகை வீட்டில் மட்டும் இல்லை, மகன் வீட்டிலும் நான் ஒண்டுக்குடியோ என்று ஒரு நாள் நினைத்துவிட்டேன். அதுதான் வருத்தம்" என்றார்.

நான்காயிரம் ரூபாய்ச் சீட்டைவிட அந்தச் சொல்லே எனக்குப் பெரிய கட்டணமாக இருந்தது. அதை எந்த மாதத்து வாடகையிலும் கழித்துக்கொள்ள முடியாது.

அம்மா ஆவணி வரை எங்களுடன் இருந்தார். இரவில் குளிரூட்டி 26இல் ஓடியது. பால்கனியில் எவரும் படுக்கவில்லை.

சொல்லும் பொருளும்

ஆச்சி – பாட்டி (நெல்லை வழக்கு)
புரை – கண்பார்வையை மறைக்கும் படலம்
முதன்மை விசை – வீட்டின் மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் பொத்தான்
கணக்குப் பிள்ளை – வரவு செலவு எழுதுபவர்
ஒண்டுக்குடி – பிறர் வீட்டில் ஒதுங்கி வாழ்தல்

பயிற்சி

1. ஆச்சி பால்கனியில் சென்று படுத்தது ஏன்? அவர் கூறிய காரணம் யாது? உண்மைக் காரணம் யாது?
2. முதல் சோதனையில் மீட்டர் விளக்கு ஏன் மின்னவில்லை?
3. "கையில் கணக்கு இருந்தால்தான் வாயில் சொல் நிற்கும்" – இத்தொடரை உம் சொற்களில் விளக்குக.
4. மோட்டாரின் பிழை தெரிந்த பின்னும் கயல் கணக்கை நிறுத்தவில்லை. அவள் செயல் சரியா? உம் கருத்தை எழுதுக.
5. உம் வீட்டு மின் கட்டணச் சீட்டைப் பெற்றோருடன் சேர்ந்து படித்து, எத்தனை யூனிட், எவ்வளவு தொகை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.
6. உம் பாட்டியோ தாத்தாவோ ஊரிலிருந்து வந்து தங்கிய நாள்களைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.