36 வயதுப் பெரியவர்

ஒரு சின்னக் கணக்கு. 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 பொங்கலுக்கு வந்த படம். அதில் சரோஜாதேவியின் அப்பா, எஸ்.வி.ரங்காராவ். அவர் பிறந்தது 1918 ஜூலையில். மாப்பிள்ளை எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரியில். ஆக, மாமனாரைவிட மாப்பிள்ளை ஒன்றரை வயது மூத்தவர்! தியேட்டரில் யாருக்காவது சந்தேகம் வந்ததா? ம்ஹூம்.

இதாவது பரவாயில்லை. 'மிஸ்ஸியம்மா' (1955) வெளியானபோது ரங்காராவுக்கு வயசு 36. தொலைந்துபோன மகளுக்காக ஏங்கும் ஜமீன்தார் அவர், மகள், சாவித்திரி. 'படிக்காத மேதை'யில் (1960) சிவாஜியை வளர்த்து ஆளாக்கும் பெரியவர். அப்போது சிவாஜிக்கு 31, ரங்காராவுக்கு 42கூட நிரம்பவில்லை. ஜோடியாக நடித்த கண்ணாம்பா, நிஜத்தில் அவரைவிடப் பெரியவர். ஆனாலும், பாசம் பொங்க சிவாஜியை வீட்டைவிட்டுப் போகச் சொல்லும் இடத்தில் நமக்குத் தெரிவது தளர்ந்துபோன ஒரு கிழவர்தான்.

இத்தனைக்கும் மனிதர் சினிமாவுக்கு வந்ததே கதாநாயகனாக! ஆந்திராவின் நூஜிவீட்டில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் படித்தவர். அவருடைய தமிழ் இரவல் தமிழாக இல்லாததற்கு அந்தத் திருவல்லிக்கேணிதான் காரணமாக இருக்கவேண்டும். பி.எஸ்ஸி. முடித்து, தீயணைப்புத் துறையில் அதிகாரி. காக்கிநாடாவில் நாடகம். நடிப்பு ஆசையில் வேலையை விட்டார். 1947-ல் வந்த 'வரூதினி' என்ற தெலுங்குப் படத்தில் அவர்தான் ஹீரோ. படம் படுத்துவிட்டது. பேசாமல் ஜாம்ஷெட்பூர் போய் டாடா கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

சினிமா திரும்பக் கூப்பிட்டபோது ஹீரோ நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். 'பாதாள பைரவி' (1951) ஹீரோ என்.டி.ராமாராவ், இவர் மந்திரவாதி. தாடிக்குள் இருந்தவருக்கு 32 வயசு. அதன்பிறகு, 'மாயாபஜார்' கடோத்கஜன் மாதிரி ஒன்றிரண்டு தவிர, இளமையான வேஷம் அவரைத் தேடி வரவில்லை. கிடைத்த தாடியையும் அங்கவஸ்திரத்தையும் வைத்துக்கொண்டே ஜெயித்துக் காட்டினார். 'நர்த்தனசாலா' கீசகன் வேஷத்துக்காக 1964-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆப்பிரிக்க - ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார். தெலுங்கில் இரண்டு படங்கள் டைரக்ட் செய்தார். சிறுகதைகள்கூட எழுதினார்.

'அப்பான்னா ரங்காராவ் மாதிரி இருக்கணும்' என்று ஒரு தலைமுறையே சொல்லிக்கொண்டிருந்தது. கோபத்தைக் குரலிலும், பாசத்தைக் கண்ணிலும் வைத்திருந்த அப்பா.

1974 ஜூலை 18 அன்று ரங்காராவ் சென்னையில் காலமானார். 56 முடிந்து சரியாகப் பதினைந்து நாள். இன்றைக்கு அந்த வயதில் ஹீரோக்கள் டூயட் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இருபது வருஷம் நமக்கெல்லாம் முதுமையை நடித்துக் காட்டியவர் அவர். நிஜமான முதுமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்த முறை டி.வி.யில் 'மிஸ்ஸியம்மா' போட்டால், அந்த ஜமீன்தாரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரைவிடச் சின்னவராக இருப்பார்.