அடுக்களையிலும் ஆராதனை: டோனாவூர் காட்டும் வழி

திருநெல்வேலிச் சீமையில், ஏர்வாடி, களக்காடு பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். பெயர் தமிழ்ப் பெயர் மாதிரி இல்லையே என்று தோன்றும். ரேனியஸ் ஐயரின் திருப்பணிக்குப் பண உதவி செய்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். ஆனால் இந்தச் சின்ன ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கியது ஏமி கார்மைக்கேல் என்ற பெண்மணியால்.

போன டிசம்பர் லீவில் தங்கச்சியையும் அவளுடைய எட்டு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். பஸ்ஸிலேயே அவள் குறைப்பட ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு இப்போ வேதம் வாசிக்கக்கூட நேரமில்லைக்கா. ஆலயத்துக்குப் போனாலும் பிள்ளை அழுதுன்னு வெளியேதான் நிக்கேன். ஊழியம் செய்யணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன்! சோறு பொங்கவும் துணி அலசவும்தான் பொழுது சரியா இருக்கு" என்றாள். இளம் தாய்மார் பலருடைய மனதில் இருக்கும் ஏக்கம்தான் இது.

அதற்குப் பதில் அந்த ஊரின் கதையிலேயே இருக்கிறது. ஏமி அம்மையார் 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பதுதான் அவர் வேலை. 1901-இல், தேவதாசியாக விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். (அந்த வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டத்தால் ஒழிந்தது.) பிறகு வேறு சிறுமிகளும், 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தார்கள்.

குழந்தை வந்துவிட்டால் தாயின் காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரிதானே! பிரசங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், பால் புகட்டவும் நகம் வெட்டவும் ராத்திரி கண் விழிக்கவும் ஆரம்பித்தார். "இதெல்லாம் ஊழியமா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆத்துமா உடம்போடுதானே ஒட்டியிருக்கிறது, ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எப்படிக் கவனிக்க முடியும் என்பது அம்மையாரின் எண்ணம்.

கைக்குழந்தைகளைப் பராமரிப்பது கீழான வேலை என்று கூட இருந்தவர்களே சிலர் தயங்கினார்கள். பொன்னம்மாள் என்ற விதவைப் பெண் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்தார். பார்த்தவர்கள் மனம் மாறினார்கள். 1915-இல் இறக்கும்வரை அவர் அம்மையாருக்கு வலது கை.

அடுத்த வருஷம், 1916-இல், ஏழு பெண்களைச் சேர்த்து அம்மையார் ஒரு சகோதரிகள் சங்கம் அமைத்தார். 'இது ஆவிக்குரிய வேலை, இது உலக வேலை' என்று கோடு கிழிக்கக் கூடாது. எந்த வேலையையும் ஆண்டவருக்கென்று செய்ய வேண்டும் என்பதுதான் அதன் உட்கருத்து.

அனுமதி கேட்டு உள்ளே போனோம். மரங்களும், பின்னால் மலையும், 1927-இல் கட்டிய ஜெப வீடும் மனதை அமைதிப்படுத்தின. 1951-இல் மறைந்த அம்மையார், தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்: 'அம்மா'. எத்தனையோ புத்தகங்கள் எழுதியவர். அதெல்லாம் அதில் இல்லை. தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

'வேலையே ஜெபம்' என்று சொல்லிப் பெண்கள் தலையில் இன்னும் சுமை ஏற்றலாமா? கூடாது. தாய்க்கும் தனி ஜெபம் வேண்டும். "தினமும் காப்பி குடிச்சதும் கால் மணி நேரம் பிள்ளையை நீங்க வச்சுக்கிடுங்க" என்று தங்கச்சி வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவரும் சரி என்றார்.

சகோதரிகளே, மற்ற நேரத்துக்குச் சில யோசனைகள். துணி மடிக்கும்போது, அது யாருடையதோ அவருக்காக ஜெபிக்கலாம். வேலைக்கார அம்மாவுக்கு மிஞ்சினதைப் போடாமல் நாம் சாப்பிடுவதையே கொடுக்கலாம். காய்கறிக்காரியிடம் நியாயத்துக்கு மேல் பேரம் பேசாமல் இருக்கலாம். அடுத்த வீட்டு வம்பு நம் வாசலில் நின்றுபோகட்டும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைக்கும் பிடியரிசிப் பழக்கம் நம் பாட்டிமார் கொடுத்ததுதானே! பானையில் விழும் அந்த ஒரு பிடியோடு நம் அன்றைய ஆராதனையும் தொடங்கிவிடுகிறது.