ஓடும் நீரும் ஓடாத பவளமும்

இந்தியப் பெருங்கடலில் வளையம் வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம் மாலத்தீவு. ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் ஆழமான கால்வாய்கள் உண்டு. அவற்றின் வழியே வெளிக்கடல் நீர் உட்பாய்வதும், உள்நீர் வெளியேறுவதும் மாறி மாறி நிகழும். அந்த நீரோட்டத்தோடு மிதந்து செல்வதற்காகவே அவர் அன்று படகிலிருந்து கடலில் இறங்கினார். நாற்பது வயதைக் கடந்தபின் நீச்சல் கற்றவர்; வாழ்வில் எதையும் எதிர்நீச்சலிட்டே அடைந்தவர்.

நீரின் வெப்பம் 29 டிகிரி செல்சியஸ். உடலுக்கு அது இதமாக இருந்தது. 20 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை ஒரு நெடுஞ்சுவராக அவரருகே நகர்ந்தது. நகர்ந்தது பாறையன்று, அவரே. செம்மஞ்சள் நிறச் சிறுமீன்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டத்தை எதிர்கொண்டு ஒரே திசையில் தலைவைத்து நின்றன. ஓட்டம் சுமந்துவரும் மிதவை உயிரிகளே அவற்றுக்கு உணவு. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. அவை அரைத்துக் கழிக்கும் சுண்ணாம்புத் துகள்களும் சேர்ந்தே அத்தீவுகளின் வெண்மணல் உருவாகிறது.

அப்போது பாறை மறைவிலிருந்து நெற்றி புடைத்த பெரிய நெப்போலியன் மீன் ஒன்று வெளிப்பட்டது. நீரோட்டம் அவரை அதனைக் கடந்து இழுத்துச் சென்றது. இன்னொருமுறை காணும் ஆவலில் அவர் திரும்பினார். துடுப்புக் கால்களை வேகமாக அடித்தார். ஓரடியும் முன்னேற இயலவில்லை. மூச்சு இரைத்தது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் செலவாகும் காற்றும் மும்மடங்கு. அழுத்தமானியைப் பார்த்தார். சில நிமிடங்களுக்குமுன் 120 காட்டிய முள் 80-இல் நின்றது. அச்சம் நெஞ்சை அடைத்தது.

வழிகாட்டி அருகே வந்து உள்ளங்கையை மெல்லத் தாழ்த்திக் காட்டினார். பொருள் விளங்கியது. அவர் கால்களை நிறுத்தினார், கைகளைக் கட்டிக்கொண்டார். மூச்சு சீரானது. எதிர்த்தபோது பகையாயிருந்த ஓட்டமே இப்போது அவரைச் சுமந்து சென்றது.

மேலேறும் வழியில், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் தங்க வேண்டும். அங்கே கண்ட காட்சி வேறு. பாறையின் உச்சியெங்கும் சாம்பல் நிறத்தில் முறிந்த பவளக் கிளைகள் பாசி படிந்து கிடந்தன. 1998-இலும் 2016-இலும் கடல் அளவுமீறி வெப்பமடைந்து, மாலத்தீவுப் பவளங்களை வெளுக்கச் செய்தது. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளத்துக்கு உணவூட்டும் நுண்பாசிகள் அதன் உடலைவிட்டு நீங்கிவிடும். வெப்பம் தணியாவிடில் வெளுத்த பவளம் பட்டினியால் மடியும். ஓட்டத்தோடு போய்விடுவதற்கு அவரால் முடிந்தது. வேரூன்றியதுபோல் நிற்கும் பவளத்தால் முடியாது. ஆயினும் அந்த இடிபாடுகளுக்கிடையே கட்டைவிரல் அளவில் புதிய பவளங்கள் சில துளிர்த்திருந்தன.

செம்மஞ்சள் மிதவையைக் கண்டு படகு வந்தது. ஏறி அமர்ந்தவரிடம், அடுத்து இறங்கவிருந்த இளைஞர் ஒருவர், "நீர் எப்படியிருக்கிறது?" என்று கேட்டார்.

"இதமாக" என்று சொல்ல வாயெடுத்தவர், சற்றே தயங்கினார். பின்பு, "வெதுவெதுப்பாக இருக்கிறது. மேலே வரும்போது பாறை உச்சியையும் பாருங்கள்" என்றார்.