அம்மா, நான், கோல்ட்ப்ளே... ஒரு நல்ல சீட்டைத் தேடி!

கச்சேரியில் நல்ல சீட் எது என்று யாரைக் கேட்டாலும் 'முன் வரிசை' என்பார்கள். சபா கச்சேரிக்கு அது சரி. கிரிக்கெட் ஸ்டேடியத்தில் பல்லாயிரம் பேரோடு உட்கார்ந்து ஒரு ராக் பேண்டைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே குழுவின் பின்னாலேயே மும்பையிலிருந்து அகமதாபாத் வரை போய் வந்ததில் இதை நேரில் பார்த்தேன். என்னோடு வந்தவர் 56 வயது அம்மா. சரியாகச் சொன்னால், அம்மாவும் அவருடைய இரண்டு முழங்கால்களும்.

கிறிஸ் மார்ட்டின், ஜானி பக்லேண்ட், கய் பெரிமேன், வில் சாம்பியன். லண்டனில் கல்லூரியில் படிக்கும்போது சேர்ந்த இந்த நான்கு பேர் இன்றுவரை பிரியவில்லை. முதல் ஆல்பம் 2000-ல் வந்தது. எனக்கும் அந்த ஆல்பத்துக்கும் ஒரே வயது. காலேஜ் ஹாஸ்டலில் இரவு ஹெட்போனில் ஆரம்பித்தது, வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை.

அம்மாவுக்கு இவர்களைத் தெரிந்தது ரஹ்மான் வழியாக. 2016 நவம்பரில் மும்பையில் நடந்த குளோபல் சிட்டிசன் விழாவில் கிறிஸ் மார்ட்டின் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து பாடினார். அந்த வீடியோவைத் தையல் மிஷின் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர், "ரஹ்மான் கூடப் பாடின வெள்ளக்காரர்".

ஏழு லட்சம் பேருக்குப் பின்னால்...

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை மதியம் 12 மணி. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியத்துக்கான டிக்கெட் விற்பனை ஆரம்பித்தது. 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை விலை. லேப்டாப், என் போன், அப்பா போன் மூன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆன்லைன் வரிசையில் என் எண் ஏழு லட்சத்துச் சொச்சம். "ரேஷன் கடையிலகூட இவ்ளோ கூட்டம் இல்லடி" என்று சொல்லிவிட்டு அம்மா சாம்பார் தாளிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் விற்றுப்போனது.

அன்று சாயங்காலமே இன்ஸ்டாகிராமில் ஒருவர் மெசேஜ் அனுப்பினார். இரண்டு டிக்கெட், தலைக்கு 40,000, பாதிப் பணம் உடனே வேண்டும். என் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம். எந்த பிளாக், எந்த வரிசை என்று கேட்டேன். பதில் இல்லை, க்யூஆர் கோடு மட்டும் வந்தது. பிளாக் செய்துவிட்டேன். அடுத்த மாதம் கள்ள டிக்கெட் விவகாரத்தில் அமலாக்கத்துறை பல நகரங்களில் சோதனை நடத்திய செய்தியை டெஸ்க்கில் நானே டைப் செய்தேன்.

நவம்பரில் அகமதாபாத் கச்சேரி அறிவிக்கப்பட்டது. நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் 1,32,000 பேர் உட்காரலாம். மைதானம் பெரிதானால் வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் வாய்ப்பு உண்டு. நவம்பர் 16 அன்று, ஜனவரி 25-க்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது. கீழ் அடுக்கு, மேடையைப் பார்த்த இடம்.

ஆறு நாள் கழித்து இன்னொரு கதவு திறந்தது. கோல்ட்ப்ளே ஒவ்வொரு ஊரிலும் குறைந்த விலையில் கொஞ்சம் டிக்கெட் விற்பார்கள். 'இன்ஃபினிட்டி டிக்கெட்' என்று பெயர். இங்கே 2,000 ரூபாய். இரண்டிரண்டாகத்தான் வாங்க முடியும். பக்கத்துப் பக்கத்து சீட் நிச்சயம். ஆனால், அது மேடைக்கு முன்னாலா, கடைசி மூலையிலா என்பது கச்சேரி அன்று டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும். நவம்பர் 22 அன்று அதுவும் கிடைத்தது. ஜனவரி 21, மும்பை.

"நான் வரேன்"

கூட வருவதாகச் சொன்ன தோழிக்கு டிசம்பரில் புது வேலை கிடைத்தது. லீவு கிடையாது. இரண்டாவது டிக்கெட்டை யாருக்குக் கொடுப்பது என்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அம்மா சொன்னார்: "நான் வரேன்."

முப்பது வருடம் மிஷின் மிதித்த முழங்கால்கள் அவை. தேய்ந்துவிட்டன, அறுவை சிகிச்சைதான் வழி என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. பெரியம்மா இதே ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு வாசலைத் தாண்டுவதில்லை. அந்தப் பயத்தில் அம்மா தைலம், வெந்நீர் ஒத்தடம், ஒரு பெல்ட் என்று தள்ளிக்கொண்டே போனார்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு காரணத்தையும் சொன்னார். "அந்த ஸ்டேடியத்துல நான் ஏறி இறங்கிட்டா, ஆபரேஷன் பேச்சே எடுக்கக் கூடாது. சரியா?" சரி என்றேன். இத்தனை தூரம் அலைந்தால் இவரே ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வார் என்பது என் கணக்கு. ஆளுக்கொரு கணக்கோடு ரயில் ஏறினோம்.

சீட் ஒன்று: மும்பை

செம்பூரில் சித்தி வீடு. அங்கிருந்து ஹார்பர் லைனில் ஒரே ரயில், நெருல் ஸ்டேஷன். இன்ஃபினிட்டி டிக்கெட்டை வாங்கிப் பார்த்தால் மேல் அடுக்கு. மேடைக்குப் பக்கவாட்டு. ஆனால், அந்த அடுக்கின் முதல் வரிசை, நடைபாதையை ஒட்டி.

அம்மா படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். அறுபதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு படியிலும் முதலில் வலது கால், பிறகு இடது கால், ஒரு மூச்சு. பின்னால் வந்த காலேஜ் பிள்ளைகள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். உட்கார்ந்ததும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜெயித்த பார்வை.

இருட்டியதும் அந்த சீட்டின் அருமை புரிந்தது. வாசலில் எல்லோர் கையிலும் ஒரு எல்.இ.டி பட்டை கட்டிவிடுவார்கள். பாட்டுக்கு ஏற்ப எங்கிருந்தோ அதை இயக்குவார்கள். தரையில் நிற்பவருக்குத் தெரிவது பக்கத்தில் நிற்கும் பத்துக் கைகள். மேலே இருந்த எங்களுக்கு ஒரு முனையில் கிளம்பிய மஞ்சள் வெளிச்சம் மறுமுனைவரை ஓடுவது முழுதாகத் தெரிந்தது. "பட்டுல ஜரிகை ஓடற மாதிரி இருக்குடி" என்றார் அம்மா.

பக்கவாட்டு சீட்டில் முகம் தெரியாது என்பார்கள். முகத்துக்குத்தான் பெரிய திரை இருக்கிறதே. நேரே உட்கார்ந்தவருக்குத் தெரியாத இன்னொன்று எங்களுக்குத் தெரிந்தது: மேடையின் பின்பக்கம். பாட்டுக்குப் பாட்டு ஓடிவந்து கித்தார் மாற்றிக்கொடுப்பவர்கள், ஓரமாகத் தண்ணீரோடு நிற்பவர், டிரம்ஸில் வில் சாம்பியனின் முதுகு. அம்மா அவரைத்தான் அதிகம் பார்த்தார். "பாவம், அவரும் காலாலதான் மிதிச்சுட்டே இருக்காரு. முட்டி வலிக்காதா?"

ஒரு பாட்டின் நடுவே நிறுத்தி, எல்லோரும் போனை உள்ளே வையுங்கள் என்று கிறிஸ் மார்ட்டின் கேட்பது இந்தச் சுற்றுப்பயணத்தின் வழக்கம். வைத்தோம். அம்மா மட்டும் கேட்டார், "வெச்சுட்டு கையை என்ன பண்றது?" பிறகு அவரே கண்டுபிடித்துத் தட்ட ஆரம்பித்தார்.

சீட் இரண்டு: அகமதாபாத்

மும்பையிலிருந்து அகமதாபாத்துக்கு இந்தக் கச்சேரிக்கென்றே மேற்கு ரயில்வே சிறப்பு ரயில்கள் விட்டிருந்தது. பெட்டி முழுக்க ரசிகர்கள். எதிர் சீட்டில் இருந்த ஒருவருக்கு இது மூன்றாவது கச்சேரி. அதே பாட்டை ஏன் மறுபடி மறுபடி பார்க்க வேண்டும் என்று அம்மா அரைகுறை இந்தியில் கேட்டார். "திருப்பதிக்கு ஒரு முறையோடு நிறுத்திவிடுவீர்களா ஆன்ட்டி?" என்றார் அவர். அம்மாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது.

அகமதாபாத் சீட்டுக்கு மும்பையைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கொடுத்திருந்தேன். படி அதிகம் இல்லை, மேடை நேர் எதிரே. வரைபடத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத இடம். முதல் பாட்டு ஆரம்பித்த நொடியில் எங்களுக்கு முன்னால் இருந்த வரிசைகள் மொத்தமும் எழுந்து நின்றன. கடைசிவரை உட்காரவில்லை. அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது, அது ஆடுகிற கச்சேரி.

அம்மா இரண்டு பாட்டுக்கு நின்றார். மூன்றாவதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ நில்லுடி, காசு குடுத்திருக்க" என்று என்னைத் தள்ளினார். நான் நின்று பார்த்து, மேடையில் நடப்பதைக் குனிந்து குனிந்து சொன்னேன். ரேடியோவில் கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி.

'ஃபிக்ஸ் யூ' ஆரம்பித்தபோது என் தோளில் ஒரு கை. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்தப் பாட்டு முடியும்வரை நின்றார். அவர் உடம்பு பாரத்தில் பாதி என் தோளில் இருந்தது. முடிந்ததும் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஏறிட்டேன்டி. நிக்கத்தான் முடியல." அதற்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை.

சீட் மூன்று: பிளாட்பார பெஞ்ச்

மறுநாள், ஜனவரி 26. இரவு நவஜீவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட். அன்றைய கச்சேரி ஹாட்ஸ்டாரில் நேரலை. அகமதாபாத் ஸ்டேஷன் பெஞ்சில் பையைக் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, அம்மா காலை நீட்டி உட்கார்ந்தார். ஆளுக்கொரு இயர்போன். சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முன்னால் நடப்பதை உள்ளங்கையில் பார்த்தோம். கிறிஸ் மார்ட்டின் ரஹ்மானின் 'மா துஜே சலாம்' பாடியபோது டீ விற்பவரும் நின்று எட்டிப் பார்த்தார். நெட்வொர்க் இரண்டு முறை நின்றது. இருந்தாலும் கிறிஸ் மார்ட்டினின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது இங்கேதான் என்றார் அம்மா.

டிக்கெட் போடும் முன்...

இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, நீங்கள் யாருடைய ஸ்டேடியம் கச்சேரிக்குப் போனாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில், கூட வருபவரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் முடியாது என்றால், ஏதாவது ஓர் அடுக்கின் முதல் வரிசையைத் தேடுங்கள். முன்னால் கைப்பிடிச் சுவர்தான் இருக்கும், எழுந்து மறைக்க ஆள் இருக்க மாட்டார். நடைபாதை ஓரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேடை ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். கோல்ட்ப்ளே மாதிரிக் குழுக்கள் கூட்டத்துக்கு நடுவே நீளும் பாதையில் ஒரு குட்டி மேடை, எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று என்று போடுகிறார்கள். சில பாட்டுகளுக்குக் கடைசி வரிசையே முதல் வரிசையாகிவிடும். முந்தைய ஊர்களின் வீடியோவைப் பார்த்தால் மேடை அமைப்பு தெரிந்துவிடும்.

சத்தம் முக்கியம் என்றால் தரையில் சவுண்ட் இன்ஜினீயரின் மேஜை எங்கே என்று பாருங்கள். அவர் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படித்தான் ஒலியை அமைப்பார். அதற்கு நேர்க்கோட்டில் இருக்கும் இடங்கள் நல்லவை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தால், டிரம்ஸ் கோல் இறங்கிய பிறகு கால் விநாடிக்கும் மேல் கழித்துத்தான் சத்தம் வரும். அதனால் தூரத்து சீட்டில் உதடும் பாட்டும் கொஞ்சம் விலகித் தெரிந்தால் திரையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பிப்ரவரியில் அம்மா தானாகவே டாக்டரிடம் தேதி கேட்டார். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பெரியம்மா கதையை டாக்டரிடம் முழுதாகச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சியை விட்டதுதான் பல பேருக்குச் சிக்கல் என்று அவர் பொறுமையாக விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ரெண்டு மணி நேரம் நிக்க முடியுமா டாக்டர்?"

"ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணா நிக்கலாம்மா. குதிக்கத்தான் கூடாது."

"குதிக்கிறதுக்கு என் பொண்ணு இருக்கா" என்றார் அம்மா.